குழப்படி திரும்பும் வீடு

புத்தளம் கரையோரத்தில் அடங்காத பிள்ளைக்குப் பரிகாரம் தேடும் வழக்கம் ஆஸ்பத்திரிகளைவிடப் பழையது. தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, தன் கையைத் தானே கடிப்பது, அகப்பட்டதை எறிந்து உடைப்பது, தம்பி தங்கையைக் கீறிக் காயப்படுத்துவது என்று பிள்ளைகள் படும் பாடும் படுத்தும் பாடும் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் உண்டு. கற்பிட்டிக் குடாநாட்டிலும் களப்பைச் சுற்றிய ஊர்களிலும் தாய்மார் இதைச் சாதாரணக் குழப்படியிலிருந்து பிரித்தே பார்த்தார்கள். குழப்படி அதட்டினால் நிற்கும். அதட்டியும் நிற்காததைக் கண்ணூறு என்றார்கள், பயந்த கோளாறு என்றார்கள், பார்வை பட்டது என்றார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பரிகாரம் இருந்தது.

முஸ்லிம் வீடுகளில் லெப்பையிடம் கொண்டுபோய் ஓதிப் பார்ப்பார்கள். ஓதிய தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். இசிம் எழுதித் தாயத்தாகக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டுவார்கள். இந்து வீடுகளில் திருநீறு போட்டு நூல் கட்டுவார்கள். உடப்புத் திரௌபதை அம்மனுக்கும் முன்னேஸ்வரத்துக் காளிக்கும் நேர்த்தி வைப்பார்கள். கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடும்பங்களுக்குத் தலவில புனித அன்னம்மாள் இருக்கிறாள். மரியாளின் தாய் என்பதால் பிள்ளைகளின் காரியத்தை அவளிடம் ஒப்படைப்பது இயல்பாக வந்தது. இந்த எல்லைகள் இறுகியவையும் அல்ல. முன்னேஸ்வரத்துக் கோயில்களைப் பற்றி மானுடவியலாளர் ரோஹன் பாஸ்டின் 2002இல் வெளியிட்ட நூல், இந்துக்களும் பௌத்தர்களும் கத்தோலிக்கரும் ஒரே வளாகத்துக்குத் தம் துயரங்களுடன் வந்துசேர்வதை விரிவாக விளக்குகிறது. பிள்ளை ஓயாமல் கத்தும் வீட்டில் எந்த வாசல் திறந்திருக்கிறதோ அந்த வாசலுக்குப் போவார்கள்.

இந்தப் பரிகாரங்கள் பிள்ளையைக் குணமாக்கின என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அவற்றின் அமைப்பில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. கட்டிய நூல் நைந்து அறுந்தால் மறுபடி போய்க் கட்ட வேண்டும். ஓதிய தண்ணீர் தீர்ந்தால் மறுபடி போத்தலோடு போக வேண்டும். தலவிலையில் ஆண்டுக்கு இரு பெருவிழா, மார்ச்சிலும் ஆகஸ்டிலும். நேர்த்தி வைத்தவர்கள் கடற்கரையோரம் கூடாரமடித்து நாட்கணக்கில் தங்குவார்கள், மறு ஆண்டும் வருவார்கள். தொல்லை ஒருமுறை நீங்கினாலும் திரும்பி வரக்கூடும் என்ற எண்ணம் அந்தப் பரிகாரத்துக்குள்ளேயே இருந்தது. பிள்ளையின் நடத்தையைப் பற்றிய விஞ்ஞானம் இந்த எண்ணத்துக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது.

பரிகாரத்தோடு கூடவே பிரம்பும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் பிரம்பு, குர்ஆன் மதரசாவில் இன்னொன்று, வீட்டில் ஈர்க்கு. இலங்கையில் 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளைஞர் கட்டளைச் சட்டம், குற்றம் செய்யும் பிள்ளைகளை வளர்ந்தவர்களிடமிருந்து பிரித்து நடத்த வழிசெய்தது. நீதிமன்றம் கசையடி விதிப்பதை 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம்தான் நீக்கியது. அதே ஆண்டில் கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. சுற்றறிக்கை வந்தவுடன் பிரம்பு போய்விடவில்லை. பிரம்பில் ஒரு மயக்கம் இருக்கிறது: அடித்த அந்த நிமிடம் பிள்ளை அடங்கும். அடித்தவருக்கு அது வெற்றியாகத் தெரியும், ஆகவே அடுத்த முறையும் கை பிரம்புக்கே போகும்.

அந்த வெற்றி எவ்வளவு குறுகியது என்பது ஆய்வுகூடத்தில் தெளிவானது. 1938இல் வெளியான உளவியலாளர் ஸ்கின்னரின் நூலிலும் 1944இல் வெளியான எஸ்டஸின் ஆய்விலும் எலிகள் ஒரு நெம்புகோலை அழுத்தினால் உணவு கிடைக்கும். பிறகு உணவு நிறுத்தப்பட்டது. சில எலிகளுக்கு நெம்புகோலை அழுத்தும்போது தண்டனையும் கொடுக்கப்பட்டது. தண்டனை பெற்றவை உடனே நிறுத்தின. தண்டனை ஓய்ந்ததும் மறுபடி அழுத்தத் தொடங்கின. தண்டனை பழக்கத்தை அழுத்தி வைத்தது. பழக்கம் அப்படியே இருந்தது. அதற்கு முன்பே ரஷ்யாவில் பாவ்லோவ் வேறொன்றைக் கண்டிருந்தார். மணியோசைக்கு எச்சில் ஊறும் பழக்கத்தை, உணவு கொடுக்காமல் மணியை மட்டும் அடித்து நிறுத்தலாம். நின்ற பிறகு நாயைச் சிறிது நேரம் சும்மா விட்டு மறுபடி மணியடித்தால் எச்சில் திரும்ப ஊறும். அடங்கிய பழக்கம் ஒருவரும் தூண்டாமலே எழும்புவதைத் தன்னியல்பு மீட்சி என்பார்கள்.

இது பிள்ளைகளுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு 1959இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து ஒரேயொரு பக்க ஆய்வுக் குறிப்பு விடை சொன்னது. எழுதியவர் சி. டி. வில்லியம்ஸ். பிள்ளைக்கு 21 மாதம். பிறந்து முதல் 18 மாதத்தில் பெரும்பகுதி கடும் நோயில் கழிந்ததால் வீட்டில் எல்லோரும் தாங்கித் தாங்கிப் பார்த்தார்கள். நோய் தீர்ந்தும் இரவில் படுக்கவிட்டால் பிள்ளை தூங்கும்வரை ஒருவர் அறையிலேயே இருக்க வேண்டும், சில நாள் அரை மணி, சில நாள் இரண்டு மணி. எழும்பினால் அலறல். பெற்றோரும் கூட இருந்த பெரியம்மா முறையான ஒருவரும் மாறிமாறிப் படுக்கவைத்தார்கள். வைத்தியம் சுலபமானது: அன்பாகப் படுக்கவைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவது, அழுதாலும் உள்ளே போகாதிருப்பது. முதல் முறை பிள்ளை 45 நிமிடம் அழுதது. பத்தாவது முறைக்குள் முனகல்கூட இல்லை, சிரித்துக்கொண்டே படுத்தது.

ஏறக்குறைய ஒரு வாரம் கழிந்தது. அன்று படுக்கவைத்தது பெரியம்மாவின் முறை. கதவைச் சாத்தியதும் பிள்ளை கத்தியது. பெரியம்மா பொறுக்கமாட்டாமல் உள்ளே போய்ப் பிள்ளை தூங்கும்வரை பக்கத்தில் இருந்தார். பாசமுள்ள எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். மறுநாளிலிருந்து பழைய கதை. பத்து முறையில் சேர்த்த பலன் ஒரே இரவில் போய்விட, வீடு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இந்தச் சிறு குறிப்பில் நடத்தைச் சிகிச்சையின் பின்வந்த அறுபது ஆண்டு வரலாறும் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. பிள்ளையை அடக்குவது சில நாள் வேலை. அடங்கிய பிள்ளை அப்படியே இருப்பது வீட்டிலுள்ள எல்லோரையும் பொறுத்தது. அந்த வீட்டில் மூன்று பேர்தான். புத்தளம் கரையோரத்து வீடொன்றில் உம்மா, வாப்பா, உம்மம்மா, சாச்சி, மாமா, பக்கத்து வளவுக்காரர் என்று கைகள் பல. ஒரு கை இளகினால் போதும்.

1964இல் வூல்ஃப், ரிஸ்லி, மீஸ் ஆகியோர் விவரித்த டிக்கி என்ற பிள்ளையின் கதை அடுத்த படி. டிக்கிக்கு மூன்றரை வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. கண்புரைக்காக வில்லை நீக்கப்பட்டதால் கண்ணாடி அணியாவிட்டால் பார்வையே கெட்டுவிடும். ஆனால் கண்ணாடியை வீசியெறிவான், தலையை மோதுவான், முகத்தில் தானே அறைந்துகொள்வான், தலைமுடியைப் பிய்ப்பான். ஆஸ்பத்திரி வார்டில் மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது. இங்கே முக்கியமானது அவன் வீடு திரும்பிய விதம். ஒரே நாளில் அனுப்பிவிடவில்லை. முதலில் பெற்றோர் வந்து பார்த்தார்கள், பார்த்துப் பழகினார்கள். பிறகு சிறிது நேரம் வீட்டுக்குப் போனான், ஆஸ்பத்திரிப் பணியாளர் கூடவே போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார். நேரம் மெல்ல மெல்லக் கூட்டப்பட்டது. வீடு திரும்பி ஆறு மாதத்துக்குப் பின் தாய் சொன்ன செய்தி: கண்ணாடி அணிகிறான், அந்தக் கத்தல் இல்லை, தூக்கத்தில் தொல்லை இல்லை.

இதற்கு மறுபக்கம் 1973இல் வந்தது. உளவியலாளர் லோவாஸும் சகாக்களும் தம்மிடம் பயின்ற ஆட்டிசப் பிள்ளைகள் 20 பேரை ஒன்று முதல் நான்கு ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தார்கள். பெற்றோர் பயிற்சி பெற்றிருந்த வீடுகளுக்குப் போன பிள்ளைகள் கற்றதைக் காத்துக்கொண்டிருந்தார்கள், சிலர் முன்னேறியும் இருந்தார்கள். பெரிய அரச நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் கற்றதை இழந்திருந்தார்கள். பழைய நடத்தை திரும்பியிருந்தது. லோவாஸின் ஆரம்ப காலப் பணியில் அடியும் மின்னதிர்ச்சியும் பயன்பட்டன என்பதையும் மறைக்கலாகாது. அது பிள்ளைகளுக்கு இழைத்த தீங்கு. அத்துறை அவற்றிலிருந்து விலகியது நல்லதாயிற்று. ஆனால் 1973இன் அந்தக் கண்டுபிடிப்பு இன்றுவரை நிற்கிறது. பிள்ளை யாரிடம் திரும்பிப் போகிறது என்பதே பலனைத் தீர்மானித்தது.

ஏன் அப்படி? 1975இல் ரின்கோவரும் கோகலும் நடத்திய ஒரு சோதனை இதைக் கண்முன் காட்டியது. ஆட்டிசப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு அறைக்குள் ஒரு சிறு செயலைக் கற்றுக்கொடுத்து, பின் வெளியே புல்வெளியில் புதிய ஒருவர் கேட்டுப் பார்த்தார். நான்கு பேர் ஒன்றுமே அறியாதவர்போல் நின்றார்கள். காரணம் தேடியபோது, ஒரு பிள்ளைக்கு அறையிலிருந்த மேசையும் கதிரையும் தேவைப்பட்டன; அவற்றை வெளியே கொண்டுவந்து போட்டதும் அந்தப் பிள்ளை உடனே சரியாகச் செய்தது. அது செயலை அறையோடு, அறையின் தளபாடத்தோடு சேர்த்தே கற்றிருந்தது. இரண்டு ஆண்டு கழித்து ஸ்டோக்ஸும் பேயரும் எழுதிய கட்டுரை, அறையில் பயிற்றுவித்துவிட்டு மற்ற இடங்களிலும் அது வரும் என்று எதிர்பார்த்திருக்கும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. எதிர்பார்ப்பது ஒரு முறை ஆகாது; எந்தெந்த இடத்தில், யார் யாரோடு அந்த நடத்தை வேண்டுமோ அங்கங்கே பயிற்றுவிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

1985இல் காரும் டுராண்டும் வேறொரு கோணத்திலிருந்து வந்தார்கள். அழிவு நடத்தையைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். பாடம் கஷ்டமாக இருக்கும் பிள்ளை தலையை மோதினால் ஆசிரியர் பாடத்தை நிறுத்துகிறார். கவனிப்பார் இல்லாத பிள்ளை தட்டை உடைத்தால் எல்லோரும் ஓடிவருகிறார்கள். கடைத்தெருவில் கத்தும் பிள்ளைக்குப் பிஸ்கட் பக்கெட் ஒன்றை வாங்கிக் கொடுத்து வாயை அடைக்கும் தாய், கத்தினால் பிஸ்கட் வரும் என்ற பாடத்தைத் தானறியாமலே நடத்திவிடுகிறாள். ஆகவே, கத்தலுக்குக் கிடைத்ததையே வேறு நல்ல வழியில் கேட்கப் பழக்குவது என்று தொடங்கினார்கள்: ஒரு சொல், ஒரு சைகை, ஒரு படம். தொடர்பாடல் பயிற்சி என்ற இம்முறை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. 1992இல் இவர்களே பலன் நிலைப்பதைச் சோதித்தார்கள். 12 பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தொடர்பாடல் பயிற்சி, பாதிப் பேருக்குச் சிறிது நேரம் தனியே விடும் முறை. இரண்டிலும் குழப்படி குறைந்தது. பிறகு பிள்ளையின் முன்கதை ஏதும் தெரியாத புதிய ஆசிரியர்களிடம் விடப்பட்டார்கள். தனியே விடப்பட்டுப் பழகியவர்களிடம் குழப்படி திரும்பியது. கேட்கப் பழகியவர்கள் புதியவரிடமும் கேட்டார்கள், புதியவரும் கொடுத்தார், அமைதி நிலைத்தது.

இம்முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. கேட்டபோதெல்லாம் கொடுப்பது எந்த வீட்டிலும் நடவாத காரியம். தாய் அடுப்படியில் நிற்கிறாள், வாப்பா வலை பொத்துகிறார், பிள்ளை படத்தைக் காட்டிக் காட்டிப் பார்க்கிறது, ஒருவரும் திரும்பவில்லை. அப்போது நல்ல வழி பலன் தராததால் பழைய வழி எழும்புகிறது. இதற்கு மீளெழுச்சி என்று பெயர். இன்னொன்று சூழல்வழி மீட்சி: கிளினிக்கில் அடங்கிய நடத்தை, அது பிறந்து வளர்ந்த வீட்டுக்குத் திரும்பியதும் உயிர் பெறுவது. 1979இல் பூட்டனும் போல்ஸும் எலிகளின் பயத்தை வைத்து இதை விளக்கினார்கள். ஓர் அறையில் பழகிய பயத்தை வேறோர் அறையில் நீக்கினாலும் முதல் அறைக்குள் விட்டதும் பயம் திரும்பியது. நீக்கும் பயிற்சி பழைய கல்வியை அழிப்பதில்லை. அதன்மேல் இன்னொரு கல்வியை வைக்கிறது, இரண்டாவது கல்வி தான் கற்ற இடத்தையே சார்ந்து நிற்கிறது. 2018இல் பிரிக்ஸ், ஃபிஷர், கிரியர், கிம்பால் ஆகியோர் கடும் அழிவு நடத்தைக்கான தொடர்பாடல் பயிற்சிகள் 25ஐ அலசினார்கள். உடனுக்குடன் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கும் கட்டத்தில் 19இல், அதாவது 76 வீதத்தில், அழிவு நடத்தை மறுபடி எழும்பியிருந்தது. தேர்ந்தவர்கள் நடத்திய சிகிச்சையிலேயே நிலைமை இது. நான்கில் மூன்று சிகிச்சையில் நடப்பதைத் தாயின் குறை என்று சொல்வது பெரிய அநியாயம். ஆனால் கிளினிக் வாசலில் தாய்மார் அடிக்கடி கேட்பது அந்தச் சொல்லைத்தான்.

இலங்கையின் மனநலச் சேவை நெடுங்காலம் கொழும்பையே மையமாகக் கொண்டிருந்தது. 1873ஆம் ஆண்டின் சித்தசுவாதீனம் பற்றிய கட்டளைச் சட்டம் முதல் அங்கொடை மனநல ஆஸ்பத்திரி வரை, நோயாளியை ஊரிலிருந்து எடுத்துக் கொழும்புப் பக்கம் கொண்டுபோய் வைப்பதே வழி. பிள்ளைகளுக்குக் கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கற்பிட்டி முனையிலிருந்து வருபவர் அதற்கு முன்னே குடாநாட்டின் நீளம் முழுவதையும் பாலாவிச் சந்திவரை பஸ்ஸில் கடக்க வேண்டும். கத்தும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பயணம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை இந்தத் திசையை மாற்றியது: மாவட்டந்தோறும் சேவை, மனநலத்துக்கென்று பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகள், சமூகத்துக்குள் தொடர் கவனிப்பு. ஆனால் பிள்ளைகளின் நடத்தைச் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிட அதிக நேரம் கேட்பது. அதில் தேர்ந்தவர்கள் இன்றும் பெரும்பாலும் நகரங்களிலேயே இருக்கிறார்கள். கரையோரத்துப் பிள்ளை ஒரு சூழலில் அடங்கி இன்னொரு சூழலுக்குத் திரும்பும் நிலை இன்னும் முழுதாக நீங்கவில்லை.

இந்தக் கரையில் வீடு என்பதே நிலையாக இருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லுப் பிரதேசங்களில் தென்னோலைக் கொட்டில்களில் குடியேறினார்கள். சில மாதம் என்று நினைத்த வாழ்க்கை இருபது ஆண்டு நீண்டது. முகாமில் பிறந்த பிள்ளைகள் முகாமிலேயே பெற்றோரானார்கள். செஸ்மல் சிறிவர்தனவும் சகாக்களும் 2011இல் புத்தளத்தில் இடம்பெயர்ந்த 450 வளர்ந்தவர்களிடம் நடத்திய ஆய்வில், 18.8 வீதத்தினருக்குப் பொதுவான மனநலக் கோளாறு ஏதோ ஒன்று இருந்தது. பிள்ளையின் நடத்தைச் சிகிச்சைக்கு இதன் பொருள் பெரிது. நாள்தோறும் ஒரே மாதிரி நடக்க வேண்டிய தாயே சோர்விலும் துக்கத்திலும் இருந்தால், இன்று பொறுத்து நாளை இளகுவாள். விட்டுவிட்டுக் கிடைக்கும் பலனில் வளர்ந்த பழக்கம்தான் அழிவதற்கு மிக நீண்ட காலம் எடுக்கும் என்பது ஸ்கின்னர் காலத்திலிருந்தே தெரிந்த உண்மை. பக்கத்துக் கொட்டிலுக்கும் இந்தக் கொட்டிலுக்கும் நடுவே ஓலைத் தட்டி மட்டும் இருக்கும் இடத்தில், அழும் பிள்ளையை அழவிட்டுப் பொறுத்திருப்பது எப்படி? அயலுக்கு அஞ்சியே பிஸ்கட் கொடுக்க வேண்டியிருந்தது.

மீள்குடியேற்றத்துக்குப் பின்னும் பலர் இந்த மாவட்டத்திலேயே தங்கிவிட்டார்கள். இன்னொரு அலைவு வளைகுடா. கரையோரத்துப் பெண்கள் பலர் வீட்டுப் பணிக்காகக் குவைத்துக்கும் சவூதிக்கும் போகிறார்கள். பிள்ளை உம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ வளர்கிறது. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோர் அதிகமுள்ள ஆறு மாவட்டங்களில் நடத்தி 2015இல் வெளியான ஆய்வொன்றில், பெற்றோர் வெளிநாடு சென்றதால் விட்டுச்செல்லப்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் இருவருக்குக் கவனிக்கத்தக்க உளநலக் கோளாறு காணப்பட்டது. 2013இல் அரசு ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையுள்ள தாய்மாருக்குக் கட்டுப்பாடு விதித்தது. வறுமைக்கு வழி காட்டாத கட்டுப்பாடு என்பதால் பல குடும்பங்கள் அதைச் சுற்றிப்போகவே வழி தேடின. தாய் பயிற்சி பெற்ற பின் வெளிநாடு போனால், பயிற்சியும் அவளோடு விமானம் ஏறிவிடும். வில்லியம்ஸ் எழுதிய பெரியம்மாவின் இரவு இங்கே மாதக்கணக்கில் நீள்கிறது.

கடற்றொழில் குடும்பங்களின் காலமாற்றமும் இதோடு சேரும். மேற்குக் கடல் அடங்கும் மாதங்களில் கரைவலையும் சிறு படகும் இந்தக் கரையில். தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பினால் தொழிலாளர் வேறு கரைக்குப் போய் வாடி போட்டுத் தங்குவார்கள். சில குடும்பங்கள் பிள்ளைகளோடும் போகும். வீட்டில் ஒரு வழக்கம், வாடியில் வேறு வழக்கம். சூழல் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய நடத்தை எழும்ப வாய்ப்பு.

இந்த நிலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்க முறை தமிழ்நாட்டில் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1950களின் பிற்பகுதியிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தவரும் தங்கும் முறையை நடத்திவந்தது. அங்கே பிள்ளைகளுக்கான நம்பிக்கை நிலையத்தில் தாயோ தந்தையோ பிள்ளையோடு வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். பால் ரஸலும் சகாக்களும் அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை வைத்து நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோருக்கான குழுப் பயிற்சி பிள்ளையைப் பற்றிய அவர்களின் மனப்பாங்கை மேம்படுத்தியது. கொழும்பில் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் ஆட்டிசம் உள்ள சிறு பிள்ளைகளுக்குத் தாயையே முதன்மைப் பயிற்சியாளராகக் கொண்ட வீட்டுவழித் திட்டம் ஒன்றை நடத்தி, அதன் பலனை 2016இல் வெளியிட்டார்கள். பயிற்சி நிலையங்கள் போதாத நாட்டில் வீட்டையே நிலையமாக்குவது வேறு வழியின்மையால் பிறந்தது. ஆனால் நடத்தை திரும்பிவரும் விதத்தை அறிந்தவருக்கு அதுவே சிறந்த வழியும்கூட, ஏனெனில் வீட்டில் கற்றது வீட்டிலேயே நிற்கும்.

திரும்புவதைத் தடுக்கும் வேலை இன்று எப்படி நடக்கிறது என்பதை ஒரு சிறு கருவியில் பார்க்கலாம். கழுத்தில் தொங்கும் ஒரு அட்டை, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. பச்சை தெரிந்தால் கேட்டது உடனே கிடைக்கும். சிவப்பு தெரிந்தால் இப்போது கிடைக்காது, கொஞ்சம் பொறு. முதலில் சிவப்பு சில வினாடி மட்டும். பிள்ளை பொறுத்துக்கொண்டால் பாதி நிமிடம், ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். அவசரப்பட்டுக் கூட்டினால் பழைய கத்தல் எழும்பும். அப்போது ஒரு படி பின்னே இறங்கி மறுபடி ஏற வேண்டும். இந்த அட்டை வேறொரு காரியமும் செய்கிறது. அதே அட்டை கிளினிக்கிலும் வீட்டிலும் வாடியிலும் பாடசாலையிலும் தொங்கினால், பிள்ளைக்கு எல்லா இடமும் ஒரே இடமாகிறது. ரின்கோவரின் பிள்ளைக்கு மேசையும் கதிரையும் இருந்ததுபோல. உம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாவிட்டாலும் பச்சையும் சிவப்பும் தெரியும்.

அட்டையைவிட முக்கியமானது ஆள். தாய் மட்டும் கற்றால் போதாது. பிள்ளையைத் தூக்கும், சோறூட்டும், படுக்கவைக்கும் எல்லாக் கைகளும் கற்க வேண்டும். குறைந்தது உம்மம்மாவும் மூத்த அக்காவும் ஒருமுறை கிளினிக்குக்கு வர வேண்டும். நடத்தை ஒருநாள் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது இன்னும் அவசியம். சொல்லாவிட்டால், திரும்பிய முதல் நாளிலேயே வைத்தியம் பொய்த்துவிட்டது என்று தாய் கைவிட்டுவிடுவாள். வாப்பா வாடியிலிருந்து வரும் வாரம், பாடசாலைத் தவணை தொடங்கும் வாரம், நோன்பு மாதம், புதுப் பிள்ளை பிறக்கும் காலம், தாய் வெளிநாடு போகும் நாள் ஆகியவை அந்த ஆபத்து வாரங்கள். அவற்றுக்கு முன்பாக ஒருமுறை போய்ப் பார்த்து, செய்வதைச் சரிபார்த்து வருவது சிகிச்சையின் ஒரு பகுதி. அடங்கிவிட்டது என்று கிளினிக் கொப்பியை மூடுவது சிகிச்சை முடிந்ததாக ஆகாது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆள் இலங்கையில் உண்டு. குடும்பநல மருத்துவ மாது பிள்ளை பிறந்ததிலிருந்து ஐந்து வயதுவரை வீடுவீடாகப் போகிறார். கற்பிட்டிக் கரையின் மணல் ஒழுங்கைகளில் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எப்படி என்று அவருக்குத் தெரியும். அதன்பின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை, 1, 4, 7, 10ஆம் வகுப்புகளில். வீட்டில் அடங்கிய பிள்ளை பாடசாலை வாசலில், புதிய ஆசிரியர் முன்னால், புதிய கதிரை மேசைகளுக்கு நடுவில் நிற்கும்போது, மருத்துவ மாதின் வருகை நின்றுபோயிருக்கும்.

வில்லியம்ஸின் பிள்ளைக்கு இரண்டாவது முறையும் அதே வைத்தியம் நடந்தது. இம்முறை பெரியம்மாவும் கதவுக்கு வெளியே நின்றார். ஒன்பதாவது முறையில் அழுகை நின்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது திரும்பவில்லை.